மணிக்கு ஒன்றேகால் மைல்

300 குதிரைத்திறன் எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிவிட்டு, ‘இந்தப் படகு இவ்வளவு வேகமாகப் போகிறதே’ என்று நொந்துகொள்பவர்களை ஈரி ஏரியில்தான் பார்த்தேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏரியின் மேற்குப் பகுதியில் இருக்கும் போர்ட் கிளின்டன் என்ற சிற்றூர். வால்ஐ என்னும் மீனைக் கொண்டாடும் ஊர். புத்தாண்டு இரவில் நியூயார்க்கில் ஒளிப்பந்து இறங்கும் நேரத்தில், இங்கே 20 அடி நீளப் பொம்மை வால்ஐ ஒன்று கிரேனில் தொங்கியபடி இறங்கும். குளிரில் கூட்டம் திரண்டு நின்று கைதட்டும்.

ஏலக்கூச்சலும் ஐஸ்பெட்டியுமாக நமக்குப் பழகிய மீன்பிடித் துறை இல்லை இது. ஒஹாயோ கரையில் வால்ஐ பிடித்து விற்க அனுமதி கிடையாது. எதிர்க்கரையில் கனடாக்காரர்கள் வலை போட்டுப் பிடித்து விற்கிறார்கள். இந்தப் பக்கத்துப் படகுக்காரர்களுக்கு வருமானம், தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களை வாடகைக்கு ஏற்றிச் செல்வதில்தான். கடலோரக் காவல்படையிடம் அடிப்படை உரிமம் வாங்கிய கேப்டன் 6 பேர் வரை ஏற்றலாம். நானும் கிளீவ்லாந்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவனும் மே மாதத்தில் அப்படி ஒரு படகில் ஏறினோம். கேப்டன் அறுபதைத் தாண்டியவர். கூடமாட வேலைக்கு இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன்.

ஓடும் படகின் பின்னால் தூண்டில்களை இழுத்துக்கொண்டே போவதுதான் டிரோலிங். அன்றைக்கு மாட்டியிருந்தது மண்புழு. இரண்டு கொக்கிகள், அவற்றுக்கு முன்னால் சில மணிகள், மணிகளுக்கு முன்னால் நாணய அளவில் ஓர் உலோகத் தகடு. தகடு சுழன்றால் மின்னும், தண்ணீரில் அதிர்வு உண்டாகும். மீன் திரும்பிப் பார்க்கும். படகு மெதுவாகிவிட்டால் தகடு நின்று புழு அடியில் போய்ச் சேரும். வேகம் கூடினால் புழு முறுக்கிக்கொண்டு சுழலும், மீன் தொடாது. கோடையில் தண்ணீர் சூடேறிய பிறகு மணிக்கு 2 மைலுக்கு மேல் இழுத்தாலும் வால்ஐ துரத்திவந்து கவ்வும். மே மாதத் தண்ணீரில் மீனின் உடம்பு இன்னும் சோம்பல் முறித்திருக்காது. அப்போது ஒன்று முதல் ஒன்றரை மைலுக்குள் நிற்க வேண்டும். கேப்டனுக்குப் பிடித்த கணக்கு ஒன்றேகால். நம் அளவில் மணிக்கு 2 கிலோமீட்டர். கோயில் பிரகாரத்தில் பாட்டிகள் இதைவிட வேகமாக நடப்பார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஈரி ஆழமில்லாத ஏரி. மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 24 அடிதான். காற்று எழுந்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். வானிலை கெட்டால் கரைக்கு ஓடிவர எஞ்சினில் தெம்பு வேண்டும். ஆகவே குதிரைத்திறனில் யாரும் சிக்கனம் பார்ப்பதில்லை. ஆனால் இந்த 30 அடிப் படகில், எஞ்சினை ஆகக் குறைந்த சுழற்சியில் விட்டு கியரைப் போட்டாலே மணிக்கு நாலு மைல் போகிறது.

“இந்த ஏரியில் படகை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். நிறுத்தாமல் நிறுத்தக் கற்றுக்கொள்ளத்தான் வருஷக்கணக்காகும்” என்றார் கேப்டன்.

அவர் கையாண்ட வழிகளைக் கேட்டால் ஒரு சின்னச் சரித்திரமே இருக்கிறது. முதலில் கியரைப் போட்டுப் போட்டு எடுப்பது. படகு விட்டுவிட்டு நகரும். தூண்டில் ஏறி இறங்கும். சில நாள் மீனுக்கு அதுவே பிடித்துவிடும், ஆனால் ஓட்டுகிறவரின் தோள் போய்விடும். பிறகு ஐந்து காலன் பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டி இழுத்தார். இன்றும் காசில்லாதவர்களின் வழி அதுதான். கைப்பிடிதான் முதலில் பிய்த்துக்கொள்ளும். வெளியே தொங்கும் எஞ்சின் வைத்த சிறு படகுகளில் புரொப்பெல்லருக்குப் பின்னால் கீல் வைத்த அலுமினியத் தகடு ஒன்று பொருத்துவார்கள். இறக்கிவிட்டால், புரொப்பெல்லர் தள்ளும் நீர் அதில் மோதிச் சிதறிப் படகு தளரும். மாலையில் வீடு திரும்பும் அவசரத்தில் அதைத் தூக்க மறந்து வேகம் கொடுத்தால், தகடு வளையும், இல்லையென்றால் கழன்று போகும். “ஏரிக்கு அடியில் ஓர் அலுமினியச் சுரங்கமே கிடக்கிறது” என்றான் பையன். கியர்பெட்டியில் எண்ணெய் அழுத்தத்தைக் குறைத்து கிளட்சை நழுவவிடும் வால்வு கேப்டனின் பழைய படகில் இருந்ததாம். நல்ல ஏற்பாடு, அது போட்டிருக்கும்போது யாராவது ஆக்சிலேட்டரை அழுத்தாத வரைக்கும்.

இப்போது அவர் பெரிய எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்புறம் ஓரமாகத் தொங்கும் சிறிய எஞ்சினில் ஓட்டுகிறார். அதன் மேல் எழுதியிருந்த 9.9 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சங்கடமும் வந்தது. மன்னார் வளைகுடாப் பக்கம் 9.9 எஞ்சின் ஒரு குடும்பத்தின் முழு மூலதனம். மூன்று நாலு பேரையும் வலையையும் சுமந்து ஃபைபர் படகு கடலுக்குப் போய்வருவது அதை நம்பித்தான். இங்கே அதே திறன், மெதுவாகப் போவதற்கென்று வைத்திருக்கும் எடுபிடி.

அன்று பின்காற்று. சின்ன எஞ்சினை எவ்வளவு குறைத்தாலும் காற்றே படகைத் தள்ளியது, கருவியில் 1.9 என்று காட்டியது. பையன் பெட்டியைத் திறந்து பைகளை எடுத்தான். தடித்த நைலான் துணியில் தைத்தவை, வாய் அகன்று வால் குறுகியவை. வாயைச் சுற்றிப் பட்டை நாடாக்கள், வால் முனையில் நீர் வெளியேற ஒரு துளை. பக்கத்துக்கு ஒன்றாகப் படகின் நடுப்பகுதிக் கொண்டிகளில் கட்டி இறக்கினான். கயிற்றின் நீளத்தை இரண்டு முறை அளந்தான். பை பின்னால் நகர்ந்து புரொப்பெல்லர் வரை எட்டிவிடக் கூடாது. துணி சற்று நேரம் துவண்டு மிதந்தது. பிறகு வாய்க்குள் தண்ணீர் புகுந்து பொம்மென்று உப்ப, கயிறு விறைத்துச் சொட்டியது. படகு யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்ததுபோல் நின்று, மறுபடி நகர்ந்தது. 1.3. வேகம் குறைந்ததைவிட எனக்கு ஆச்சரியம், அலை தூக்கித் தள்ளும்போது வரும் அந்தத் திடீர்ப் பாய்ச்சலும் அடங்கியதுதான். நிறைந்த பையை நேரடியாக இழுத்தால் முதுகு முறியும். வாலில் கட்டிய தனிக்கயிற்றை இழுத்தால் தண்ணீர் கொட்டிப் பை தளர்ந்து ஏறிவிடும்.

“அண்ணே, இந்த வேகத்துல போனா பொழுது சாயுறதுக்குள்ள கரை ஏறுவோமா?” என்று நண்பன் காதருகில் கேட்டான்.

கருவியில் 1.3 வந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கேப்டன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தூண்டிலைப் படகோரத்தில் இரண்டு அடி ஆழத்தில் பிடித்து, தகடு சுழல்கிறதா என்று குனிந்து பார்த்தார். செயற்கைக்கோள் கருவி அளப்பது தரையைப் பொறுத்த வேகத்தை. மீனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அது தண்ணீருக்குள் இருக்கிறது, தண்ணீரும் நகர்கிறது. நீரோட்டத்தோடு போனால் 1.3 காட்டியும் தகடு தூங்கும். எதிர்த்துப் போனால் அதே 1.3இல் தகடு வெறிபிடித்துச் சுற்றும். அதனால் தூண்டில் கோலின் நுனி துடிப்பதைப் பார்த்தே முடிவு செய்கிறார், நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி.

இன்னொரு சோதனையும் உண்டு. படகை நேராக விடாமல் பாம்பு வளைவாக ஓட்டுவார். திருப்பத்தில் உட்பக்கத் தூண்டில் தளர்ந்து இறங்கும், வெளிப்பக்கத்தது வேகமெடுக்கும். எந்தப் பக்கம் மீன் கவ்வுகிறதோ அதுவே பதில். அன்று முதல் மீன் உட்பக்கத்தில் விழுந்தது. கேப்டன் எஞ்சினை இன்னும் ஒரு மயிரிழை குறைத்தார். மீன் மாட்டினாலும் படகை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மற்ற தூண்டில்கள் மூழ்கிச் சிக்கிக்கொள்ளும், மாட்டிய மீனும் தளர்ந்த நரம்பில் கொக்கியை உதறிவிடும். பையன் வலைக்கூடையோடு ஓட, நண்பன் சுற்றிச் சுற்றி இழுக்க, பொன்னும் பச்சையுமாக ஒரு வால்ஐ வந்தது. இருட்டில் பார்க்க உதவும் பளபளப்புப் படலம் கண்ணுக்குள்ளே பாலாடை நிறத்தில் மின்னியது. 15 அங்குலத்துக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும். இது தாராளமாகத் தேறியது.

இந்த மீனுக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. 1970இல் பாதரசம் கலந்திருப்பது தெரிந்து வால்ஐ பிடிப்பதற்குத் தடை வந்தது. முந்தைய ஆண்டுதான் கிளீவ்லாந்தில் ஏரிக்கு வரும் குயஹோகா ஆறு எண்ணெய்க் கழிவில் தீப்பற்றி எரிந்திருந்தது. 1972இல் தூய நீர்ச் சட்டமும் கனடாவோடு ஏரிநீர் ஒப்பந்தமும் வந்தன. அதன் பிறகே ஏரி தேறியது. வாடகைப் படகுத் தொழில் அந்த மீட்சியின் பிள்ளை.

அணியத்தில் மின்மோட்டாரைப் பொருத்தி, பொத்தானில் 1.2 என்று போட்டுவிட்டுக் காபி குடிக்கும் இளம் கேப்டன்கள் இப்போது அதிகம். நம்மவர் அதை ஏளனம் செய்யவில்லை. தோள்வலிக்கு அதுதான் மருந்து என்று பையன் நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். பையனுக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. உரிமம் வாங்க 360 நாள் நீரில் வேலை பார்த்திருக்க வேண்டும்; நாலு மணி நேரமாவது படகில் இருந்தால்தான் ஒரு நாள். கரை வந்ததும் ஈரக்கையைத் துடைத்துவிட்டு நோட்டில் தேதியைக் குறித்தான். வேகமாக ஓட்டினாயா, மெதுவாக ஓட்டினாயா என்று அந்தப் படிவத்தில் கேட்பதில்லையாம்; அதில் மட்டும் கேப்டனுக்குக் காவல்படை மேல் வருத்தம்.