பிரிண்டருக்குப் பெயர் வைப்பது

வீடுகளுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது என் தொழில். கேபிள் இழுப்பதையும் ரௌட்டர் மாட்டுவதையும் பழகியவர் யாரும் செய்துவிடுவார்கள். அதற்கப்புறம் இருக்கிறதே, ஒவ்வொரு கருவிக்கும் பெயர் வைத்து, வீட்டில் எந்த போனிலிருந்து தேடினாலும் அது கிடைக்கும்படி செய்வது, அதில்தான் எனக்கு ஈடுபாடு.

“தம்பி, நெட் நல்லா வருது. பிரிண்டரைத்தான் காணோம்” என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வீட்டில் இரண்டு ரௌட்டர் இருக்கும். ஃபைபர் கனெக்‌ஷனோடு வந்த பெட்டி ஒன்று. மாடியில் சிக்னல் போதவில்லை என்று கடையில் வாங்கி மாட்டியது இன்னொன்று. பிரிண்டர் கீழ்ப் பெட்டியில், போன் மேல் பெட்டியில். இரண்டிலும் நெட் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வீட்டுக்குள் இப்போது இரண்டு தனி நெட்வொர்க்குகள். தேடும் குரல் ரௌட்டரைத் தாண்டாது. மாடி ரௌட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ மோடுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகி, பிரிண்டர் தானாகப் பட்டியலில் வந்து நிற்கும்.

குரல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வீட்டில் பெயர்களைக் குறித்துவைக்கும் சர்வர் எதுவும் கிடையாது. பந்தியில் நின்று “சாம்பார் யார்கிட்ட இருக்கு?” என்று கேட்பதைப்போல, போன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 போர்ட்டில், “அச்சடிக்கிறவர் யார்?” என்று கேட்கிறது. வைத்திருப்பவர் பதில் சொல்கிறார். ஆப்பிளில் இருந்த ஸ்டூவர்ட் செஷயர் முன்னின்று உருவாக்கிய முறை இது. 2002இல் மேக்கில் ‘ராந்தேவூ’ என்று வந்து, 2005இல் ‘போன்ஜூர்’ ஆகி, 2013இல் ஆர்எஃப்சி 6762, 6763 என்று எல்லோருக்குமான நெறிமுறையானது. லினக்ஸில் இதே வேலையை அவாஹி செய்கிறது. இதில் நான் மிகவும் மதிப்பது, கேள்வி கருவியைப் பற்றியதாக இல்லாமல் வேலையைப் பற்றியதாக இருப்பதை. பழைய பிரிண்டரைத் தூக்கிவிட்டு வேறு கம்பெனிப் பிரிண்டரை வைத்தாலும் கேள்வி மாறாது.

பெயர் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஃபேக்டரியிலிருந்து மாடல் நம்பரும் ஆறு எழுத்து எண் குப்பையும் சேர்ந்து வரும் பெயரை அப்படியே விடக் கூடாது. வீட்டார் அந்தப் பொருளை எப்படிச் சொல்கிறார்களோ அதையே வைக்க வேண்டும். தமிழிலும் வைக்கலாம், பட்டியலில் தெரியும் பெயருக்கு யூனிகோட் உண்டு. எல்லை 63 பைட். நம் எழுத்தில் மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் போகும். ‘அப்பா அறை பிரிண்டர்’ என்பது இடைவெளியோடு 53 பைட், தாராளமாக அடங்கும். சில பிரிண்டர்களின் செட்டிங் பக்கம் தமிழை ஏற்காது. அங்கே ஆங்கில எழுத்தில் அதே பெயர். ‘.லோக்கல்’ என்று முடியும் கருவிப் பெயரை மட்டும் எப்போதும் எளிய ஆங்கில எழுத்தில் வைக்கிறேன். அந்த ‘.லோக்கல்’ இந்த முறைக்கென்றே ஒதுக்கப்பட்டது. ரௌட்டரில் வீட்டு டொமைனாக அதைப் போட்டால் குழப்பம்தான். வீட்டுக்கென்று 2018இல் ‘ஹோம்.ஆர்ப்பா’ ஒதுக்கப்பட்டிருக்கிறது.

புதுக் கருவி ஒன்று பெயரை எடுத்துக்கொள்ளுமுன் கால் விநாடி இடைவெளியில் மூன்று முறை “இந்தப் பெயரில் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கும். இருந்தால், தானே பின்னால் ஒரு 2 சேர்த்துக்கொள்ளும். பட்டியலில் ‘பிரிண்டர் 2’ என்று பார்த்தால் அதே பெயரில் இன்னொன்று எங்கே என்று தேடுவேன். கேபிளிலும் வைஃபையிலும் ஒரே சமயம் இருக்கும் மெஷினுக்கும் சில வேளை இப்படி ஆகும். முறையாக அணைத்தால் கருவி விடைபெற்றுச் செல்லும். ப்ளக்கைப் பிடுங்கினால் 75 நிமிஷம் வரைகூட அதன் பெயர் பட்டியலில் தங்கலாம். அதைப் பார்த்துவிட்டுப் பிரிண்டர் இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

லேப்டாப்புக்கு மட்டும் வேறு கணக்கு. அது ஹாஸ்டலுக்குப் போகும், ரயில் நிலைய வைஃபைக்கும் போகும். போகிற இடத்திலெல்லாம் தன் பெயரைச் சொல்லும். அதனால் பெண்பிள்ளைகளின் லேப்டாப்பில் அவர்கள் பெயர் இருந்தால் வீட்டாரிடம் கேட்டுவிட்டு, கருப்பு லேப்டாப், நீல லேப்டாப் என்று மாற்றிவிடுகிறேன்.