லாபம், ரெண்டு, மூணு

பத்து கிலோ டம்பெல்லைக் கையில் எடுத்த அன்று ஜிம்மில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து பெஞ்சில் படுத்திருந்த காலேஜ் பையன் எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். மூன்று மாதம் முன்னால் நான் 160 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தபோது மொபைலில் வீடியோ பிடித்தவன் அவன்தான்.

முதுகு போனது ஜிம்மில் இல்லை. வீட்டில், 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது. கேன் உருண்டு ஓட, ஈரத்தரையில் கன்னத்தை வைத்தபடி அரை மணி நேரம் கிடந்தேன். இடுப்புக்கு மேலே, நாலாவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ஸ்கேன் சொன்னது. டாக்டர், "இனிமே வெயிட்டெல்லாம் வேணாம், வாக்கிங் போங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட் மேடம்தான் ஆறு வாரம் கழித்து, "தூக்குறத விட வேணாம். கனத்த மட்டும் குறைங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஓமக்குச்சி. வாத்தியார்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைக் கழற்றிப்போட எனக்குப் பதினோரு வருஷம் ஆனது. டெய்லர் டேப்பால் மாதாமாதம் கையை அளந்து நோட்டில் எழுதிவைப்பேன். கடைசியாக எழுதியது பதினைந்தரை அங்குலம். இப்போது வலியைவிட பயமாக இருந்தது அந்த நோட்டுதான். கனத்தைக் குறைத்தால் சதை கரையும், ஓமக்குச்சி திரும்பி வருவான் என்று நிச்சயமாக நம்பினேன்.

தூக்கம் வராத ராத்திரிகளில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஃபிலிப்ஸ் என்பவரின் குழு இதையே வருஷக்கணக்காகச் சோதித்திருக்கிறது. 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஏற்கெனவே எடைப்பயிற்சியில் பழகிய 49 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி கனமாக எடுத்து 8 முதல் 12 தடவை, மறு பாதி லேசாக எடுத்து 20 முதல் 25 தடவை. இரண்டு பக்கமும் இனி ஒன்றுகூட முடியாது என்கிற வரை. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சதை இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வளர்ந்திருந்தது. பெஞ்ச் பிரஸ்ஸில் எவ்வளவு தூக்க முடிகிறது என்பதில் மட்டும் கனக்காரர்கள் முன்னே இருந்தார்கள்.

அலபாமாவில் 2011இல் நடந்த இன்னொரு ஆய்வு, நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு செட்களை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தும் இளைஞர்கள் சதையைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றது. வயதானவர்களால் முடியவில்லை. இளைஞர் என்றால் 20 முதல் 35, வயதானவர் என்றால் 60க்கு மேல். எனக்கு 37. ரெண்டு கட்சியிலும் இடமில்லை.

லேசான எடை எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குப் புரிந்தது அப்பாவின் தொழில் வழியாகத்தான். அப்பா மதுரை கீழமாசி வீதியில் லோடுமேன். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் நின்று பார்த்திருக்கிறேன். லாரி வந்ததும் மேஸ்திரி முதலில் சின்னப் பையன்களைத்தான் ஏவுவார். பெரிய ஆட்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பையன்கள் ஓய்ந்த பிறகே பெரிய ஆட்கள் தலைத்துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு எழுவார்கள். கனமான சரக்கு என்றால் எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே எழ வேண்டும். தசைக்குள்ளும் இதே ஏற்பாடுதான். லேசான எடைக்குச் சின்ன நார்கள் முதலில் இறங்கும், அவை களைத்தால்தான் பெரியவை எழும். வளரக்கூடியவை முக்கியமாக அந்தப் பெரியவை. பாதியில் நிறுத்தினால் அவை டீக்கடையிலேயே இருந்துவிடும்.

இவ்வளவு படித்தும் முதல் மூன்று வாரம் தப்பாகத்தான் செய்தேன். ஜிம்முக்குப் போகக் கூச்சப்பட்டு, மொட்டை மாடியில் ஒரு ஜோடி டம்பெல்லோடு ஆரம்பித்தேன். முதுகில் பாரம் இறங்காத பயிற்சிகள்: ஒற்றைக்கால் பஸ்கி, நெஞ்சைச் சாய்வுப் பலகையில் சாய்த்து இழுப்பது, தண்டால். ஒவ்வொன்றிலும் இருபது எண்ணி முடித்ததும் வைத்துவிடுவேன். கட்டுரையில் இருபது என்றுதானே போட்டிருந்தது.

ஒரு சாயங்காலம் அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு செட் பார்த்தார்.

"ஏன்டா வச்சுட்ட?"

"இருபது ஆச்சுப்பா."

"மூச்சே மாறல. இன்னும் ஏழெட்டு இருக்கு உன்கிட்ட. ஏமாத்துற."

முப்பது வருஷம் அடுத்தவர் மூச்சைப் பார்த்து, இவன் இன்னும் எத்தனை நடை நடப்பான் என்று கணக்குப்போட்ட மனுஷன். மறுபடி எடுக்கச் சொன்னார். எண்ணிக்கையை அவரே எடுத்துக்கொண்டார். மூட்டை எண்ணுகிறவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு. இருபத்திரண்டில் கை எரிய ஆரம்பித்தது. இருபத்தைந்தில் தோளிலிருந்து விரல்வரை நெருப்பு. கனமான எடையில் இந்த எரிச்சல் இல்லை. அங்கே பத்து விநாடியில் தீர்ப்பு வந்துவிடும். இதில் நிறுத்திவிடலாம் என்று மனசு கெஞ்சிக்கொண்டே இருக்க, ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். இருபத்தெட்டில் கை பாதியில் நின்றது. "இப்ப வை" என்றார்.

அன்றைக்குத்தான் அவருடைய முழங்காலைப் பற்றிக் கேட்டேன். முன்பெல்லாம் சீனி நூறு கிலோ மூட்டையில் வரும். அது ஐம்பதாகக் குறைந்தபோது அப்பாவுக்கு வயதும் ஐம்பதை நெருங்கியிருந்தது. அவருக்கு ரொம்ப நல்லது நடந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஐம்பதை இரண்டாக அடுக்கித் தூக்கினார். "ஒத்த மூட்டையோட போனா பொம்பளப் புள்ள சாக்குத் தூக்கிட்டுப் போறாப்புல இருக்கும்டா" என்றார். பொம்பளைகள் தூக்காத பாரமா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்தில் வலது முழங்கால் போனது. அதன் பிறகு கடையில் சிட்டை எழுதும் வேலைதான்.

ஐந்து மாதம் கழித்து டேப்பை எடுத்தேன். பதினைந்தே கால். காலங்குலம் போயிருந்தது, அதுகூட டேப்பை இறுக்கிப் பிடித்ததாலோ என்னவோ. தொடை அப்படியே இருந்தது. முட்டையும் சுண்டலும் குறைக்கவில்லை, தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளவில்லை. பிசியோ மேடம் சம்மதித்த பிறகு ஜிம்மில் ஒருநாள் பாரைத் தொட்டேன். 80 கிலோ வந்தது. 100இல் கை பிடித்தது, உடம்புக்குத்தான் அந்தப் பாரத்தை அடையாளம் தெரியவில்லை. அதற்குமேல் ஏற்றாமல் பிளேட்டுகளைக் கழற்றி மாட்டினேன். சதை இருக்கிறது, 160 இல்லை. கட்டுரைகளும் இதைத்தான் சொல்லியிருந்தன. நான் சதைப் பகுதியை மட்டும் கவனமாகப் படித்திருக்கிறேன்.

காலேஜ் பையன் அந்த வீடியோவை அனுப்பட்டுமா என்று கேட்டான். அனுப்பச் சொன்னேன். இன்னும் திறந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மாடியில் இருந்தார். டம்பெல் ஓரமாகக் கிடந்தது. அதில் சின்னதை, மூன்று கிலோவை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்து மடக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே வைக்கப் போனார்.

"மூச்சு மாறலையே" என்றேன்.

முறைத்தார். பிறகு மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நான் எண்ணினேன். லாபம். ரெண்டு.