பலகையைப் பிடிக்க ஒரு ஆள்

பழைய ஆச்சாரிகள் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்களுக்கு மேஜையும் கிடையாது, வைஸும் கிடையாது. தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு இழைப்பார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் மடங்குவதில்லை. திருத்தணியிலேயே இருந்துகொண்டு, மலைக்கு 365 படி ஏறாமல் ஆட்டோவில் போகிறவன் நான்.

ஆகவே பலகையைப் பிடிக்கும் வேலை என் மனைவியிடம் போயிற்று. போன ஆடியில் அவளுடைய அரிவாள்மணையின் கட்டை விரிசல் விட்டது. பூவரசம் பலகை வாங்கிவந்து அறுத்துக்கொண்டிருந்தேன். ரம்பம் துள்ளி அவள் விரலில் இறங்கிவிட்டது. மூன்று தையல். தப்பு என்னுடையது. பேச்சு சுவாரஸ்யத்தில் கோட்டைப் பார்க்கவில்லை. அவள் திட்டவில்லை. "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். ரம்பம் இரண்டு மாதம் பரணில் கிடந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். வைஸுக்கு அந்த மொழியில் 'ஏத்தோ' என்று பெயர். இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டவனை 'ஏத்தோ'வில் மாட்டியவன் என்பார்கள். சொல்லைப் படித்தேனே தவிர, பொருளைத் தொட்டதில்லை. எங்கள் வராந்தாவில் பட்டறை மேஜை போட இடமும் இல்லை. அப்போதுதான் மாக்ஸன் வைஸ் பற்றித் தெரிந்தது. மாக்ஸன் லண்டனில் உலக உருண்டைகளும் வரைபடங்களும் செய்தவர். 1678 முதல் கைத்தொழில்களைப் பற்றிப் பகுதி பகுதியாக எழுதி வெளியிட்டார். அதிலுள்ள மரவேலைப் படங்கள் பலவும் ஃபெலிபியன் என்ற பிரெஞ்சுக்காரர் 1676-ல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தவை. (பிரெஞ்சு படித்ததற்கு இந்தச் சந்தோஷமாவது மிஞ்சியது!)

விஷயம் எளிது. இரண்டு கட்டை, இரண்டு திருகு. மரவாடியில் இரண்டு அங்குல கனம், ஆறு அங்குல அகலத்தில் வேப்பங்கட்டை வாங்கினேன். முன்கட்டை 24 அங்குலம், பின்கட்டை 30. பின்கட்டை இருபுறமும் மூன்று அங்குலம் நீண்டிருப்பதால், அங்கே சி-கிளாம்ப் போட்டு எந்த மேஜையிலும் இறுக்கலாம். வேலை முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். 16 மில்லிமீட்டர் மரைக்கம்பி இரண்டைப் பின்கட்டையில் நட் போட்டு அசையாமல் நிறுத்தினேன். முன்கட்டை அவற்றின்மேல் நகரும். வாஷர் வைத்து, கைப்பிடி பற்றவைத்த நட்டால் இறுக்கவேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும்.

முதலில் முன்கட்டையின் துளைகளைக் கம்பி அளவுக்குச் சரியாகப் போட்டுவிட்டேன். குமாஸ்தா புத்தி, எல்லாம் கச்சிதமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் கவ்விக்கொண்டு நகரவே இல்லை. அரம் வைத்துத் துளைகளைப் பக்கவாட்டில் கொஞ்சம் நீளமாக்கியபிறகுதான் வழிக்கு வந்தது. இப்போது ஒரு முனை ஒல்லியான பலகையைக்கூடப் பிடிக்கிறது. வழுக்காமல் இருக்க உள்பக்கம் பழைய செருப்புத் தோலை ஒட்டினேன். வேலை மேஜைக்கு மேலே ஆறு அங்குலம் உயர்ந்துவிட்டதால் குனியவேண்டியதில்லை, முதுகும் பிழைத்தது. இழைக்கும்போது மேஜை நகர்ந்தது. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன்.

அந்தப் பூவரசம் பலகையை எடுத்து இறுக்கினேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, ஐந்தடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேசாம கோட்டைப் பார்த்து அறுங்க" என்றாள்.