வேம்புக்குப் பக்கத்தில் பட்டறை

திருகோணமலை உப்புவெளியில் மச்சானின் வளவு. நடுவில் பெரிய வேம்பு. படகு எஞ்சின் திருத்தவும் கொஞ்சம் தச்சுவேலை பார்க்கவும் அதன் கீழே ஒரு கொட்டில் போட நினைக்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. நிழல் இலவசம் என்பது அவர் கணக்கு.

மேசன் அண்ணை தண்டிலிருந்து ஐந்தடியில் நூல் பிடித்தார். "வேர் வந்தா வெட்டிப்போட்டுப் போவம். வேம்புதானே, திரும்ப விடும்." விடும்தான். அதற்குள் எத்தனை மாரி வந்து போகும்?

*

வேர் ஆணிபோல நேரே கீழிறங்குகிறது என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடுகிறது, கிளை விரிந்த எல்லைக்கும் அப்பால். அத்திவாரக் கிடங்கின் ஆழமும் அதே இரண்டடி. கொட்டில் மரத்தை ஒன்றும் செய்யாது. அந்தக் கிடங்குதான் செய்யும்.

*

எவ்வளவு தள்ளி? பிரித்தானிய நியமம் பி.எஸ். 5837 சொல்வது: தண்டின் விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஆரத்துக்குள் மண்ணைத் தொடாதே. விட்டத்தை யார் அளப்பது? ஐந்தடி உயரத்தில் தண்டைக் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கயிற்றை நாலு தரம் நிலத்தில் வைத்தால் ஏறக்குறைய அதே தூரம் வந்துவிடும். இந்த வேம்பின் சுற்று ஐந்தடி. ஆக இருபதடி. மச்சானின் முகம் சுருங்கிவிட்டது.

சீமைக் கணக்கு நமக்கெதற்கு என்று கேட்டார். இங்கே அது இன்னும் கூடுதலாகத் தேவை. 2000 டிசம்பர் 26இல் ஒரு சூறாவளி திருகோணமலைக்கு அருகே கரையேறியது. 2020 டிசம்பரில் புரெவிச் சூறாவளி சற்று வடக்கே கரை கடந்தது. காற்று வரும் பக்கத்து வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது. வடகிழக்குப் பக்க வேரை வெட்டிவிட்டு அதே பக்கத்தில் கொட்டிலும் போட்டால், மாரிக்காற்றில் மரம் மறுபக்கம் சாயும். மறுபக்கம் மச்சானின் வீடு.

*

நிழலுக்கோ கிழக்குப் பக்கம்தான் வேண்டும். கச்சான் காற்றுக் காலத்துப் பின்னேர வெயில் தகரக் கூரையில் நின்றால் உள்ளே ஆள் இருக்க முடியாது. ஆனால் முப்பதடி மரத்தின் நிழல் பின்னேரம் மூன்று மணிக்கே கிட்டத்தட்ட முப்பதடி நீளும். இருபதடி தள்ளிப் போட்டாலும் நிழல் தேடி வரும். இதைச் சொன்ன பிறகுதான் மச்சான் கயிற்றைக் கையில் எடுத்தார்.

*

வேலி இடிப்பதால் கொட்டிலின் ஒரு மூலை அந்த இருபதடி எல்லைக்குள் வரும். அங்கே தொடர் அத்திவாரம் வேண்டாம், தனித்தனித் தூண். குழியைக் கையால் தோண்ட வேண்டும். முதலில் அலவாங்கால் குத்திப் பார்க்க வேண்டும். பெருவிரலை விடத் தடித்த வேர் தட்டுப்பட்டால் குழியை அரையடி நகர்த்தலாம். தூண் கொங்கிறீட், அதன்மேல் தகரத் தொப்பி. கறையானுக்கு அதுகூடப் போதாது, அடிக்கடி பார்க்க வேண்டும். தரை பலகை, மண்ணிலிருந்து ஓரடி உயரம். கூரைத் தண்ணீர் மரத்தின் பக்கமே விழட்டும்.

மணல் லொறி வேம்படியில் பறிக்கக் கூடாது. சீமெந்துச் சட்டி கழுவுவதும் அங்கே கூடாது. இரண்டும் கட்டாயம் நடக்கும், யாராவது நிற்காவிட்டால்.

*

கூரையைத் துளைத்து மரத்தை உள்ளே விட்ட வீடுகளைப் பத்திரிகைகளில் பார்த்து மச்சானின் மகள் ஆசைப்படுகிறாள். படத்துக்கு அழகு. தண்டு வருடாவருடம் பருக்கும், காற்றில் ஆடும். தகர விளிம்பு பட்டையை அராவும், ஓட்டையால் மழை ஒழுகும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டியவர். அது சுவர், இது துவாரம்.

*

மறந்துபோகும் முன்: எஞ்சினைத் தூக்கக் கிளையில் சங்கிலி போடப் போகிறார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், பட்டை உரிந்த இடத்தில் கிளை உக்குகிறது. மூன்று இரும்புக் குழாயில் ஒரு முக்காலி அடிக்க வேண்டும். வெல்டிங் கடையில் விலை கேட்க.