டிராக்டரில் ஏற்றலாமா, கூடாதா?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்த பெரியவர்கள், 'வீட்டை இடித்துப் பார்' என்று ஏன் சேர்க்காமல் விட்டார்களோ! இடிப்பது சுலபம், நேயர்களே. இடித்ததை எங்கே கொண்டு போய்ப் போடுவது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்குக் கொண்டு வந்து வாசலில் வைத்து விடுகிறார்கள். நிரம்பியதும் லாரி வந்து தூக்கிச் செல்கிறது. 'டம்ப்ஸ்டர்' என்று பெயர். நாக்ஸ்வில் நகரத்து ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் 1930-களில் கொண்டு வந்த ஏற்பாடு இது; அவர் பெயரே தொட்டிக்கும் ஒட்டிக் கொண்டது. அவருக்கு முன்பே 1883-ல் பாரிஸில் பூபெல் என்ற அதிகாரி, வீட்டுக்கு வீடு குப்பைத் தொட்டி வைக்க உத்தரவு போட்டார். அழுகுவது ஒன்றில், காகிதமும் துணியும் ஒன்றில், உடைந்த பாத்திரமும் சிப்பியும் ஒன்றில் என்று மூன்றாகப் பிரிக்கவும் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் குப்பைத் தொட்டியை 'பூபெல்' என்றுதான் சொல்கிறார்கள். புகழ் எந்த வழியாக வரும் என்று யார் கண்டது?

கஞ்சமலையை அடுத்த இளம்பிள்ளையில், எங்கள் பெரியம்மா வீட்டு வாசலில் வந்து நின்றது டிராக்டர் டிரெய்லர். பழைய நாட்டு ஓட்டு வீடு. கூடத்தில் பெரியப்பாவின் குழித்தறி. பெரியப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. தம்பி புது வீடு கட்டுகிறான். மேற்பார்வைக்கு, நாலு நாள் லீவு எடுத்துக் கொண்டு நான்.

"எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டுடலாங்க அக்கா. ரெண்டு நடையில முடிஞ்சிரும்" என்றார் டிரைவர்.

"எங்கே கொட்டுவீங்க?"

"ஓடைப் பக்கந்தானுங்க. எல்லாரும் அங்கதானே கொட்டறாங்க!"

தெருவிலும் ஓடையிலும் குப்பையைக் கொட்டக் கூடாது என்று 2016-ஆம் வருஷத்து விதிகளே சொல்லி விட்டன. விதி கிடக்கட்டும், ஓடை அடைத்துக் கொண்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் யார் வீட்டுக்குள் வரும்? அடுத்த தெருவில் ஒருவர் தம் பள்ள மனையை மேடாக்கக் கல்லும் மண்ணும் தேடிக் கொண்டிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: கல், மண், காரை தவிர வேறெதுவும் வரக் கூடாது. அவர் சொன்னது நியாயம்தான். மக்கும் குப்பை கலந்தால் உள்ளே அழுகிப் போகும்; மண் அமுங்கும்; மேலே எழுப்பிய சுவர் விரிசல் விடும்.

ஆகவே பிரிக்க உட்கார்ந்தோம். முழு ஓடும் கதவும் ஜன்னலும் விலைக்குப் போயின. இரும்பும் வயரும் பழைய இரும்புக் கடைக்கு. (தாமிரத்துக்காக வயரைக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால், அந்தப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். அந்தப் புகை விஷம்.) கழிவு நூல் ஒரு மூட்டை, மெக்கானிக் கடைக்காரர் கை துடைக்க 'வேஸ்ட்' என்று வாங்கிக் கொண்டார். பெரியம்மாவின் நைந்த பட்டுப் புடவையை எறியவிருந்தாள் தம்பி மனைவி. சரிகையில் வெள்ளி இருந்தால் அதற்கும் விலை உண்டு, சகோதரிகளே!

கூடவே கூடாதவை பரணிலிருந்து இறங்கின. டியூப் லைட் இரண்டு: உடைந்தால் உள்ளே இருக்கும் பாதரசம் வெளிவரும். இன்வெர்ட்டர் பாட்டரி: ஈயமும் அமிலமும், புது பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக் கொள்கிறார்கள். சாயத் தூள் டப்பா, காய்ந்த பெயிண்ட் டின், பெரியப்பாவின் காலாவதியான மாத்திரைகள், இன்சுலின் ஊசிகள். ஊசியைச் சும்மா போட்டால், அள்ளுகிற பெண்ணின் கையில்தான் ஏறும். மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டு, இன்னதென்று எழுதித் தனியாகக் கொடுக்க வேண்டும். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு நாலு இருந்தன. அவற்றை உடைக்கவே கூடாது. தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்து கொள்ளும். நனைத்து, முழுசாக இறக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்தோம்.

2016-ல் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்ன அரசாங்கம், 2026-ஆம் வருஷத்து விதிகளில் நாலாக்கியிருக்கிறது: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் வகையறா, மருந்து பல்பு போன்ற தனிக் கவனம் வேண்டியவை. "நாலு தொட்டி வைக்க அடுக்களையில் இடம் ஏது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கடைசி வகைக்கு ஒரு பழைய பிஸ்கட் டின் போதும். நிரம்ப மாதங்கள் ஆகும்.

தறிதான் பாக்கி. அச்சும் விழுதும் கரையான் அரித்துக் கிடந்தன. ஓடம் மட்டும் கைபட்டுக் கைபட்டு மழமழவென்றிருந்தது. மரத்தை அடுப்புக்குக் கேட்டார் ஒருவர். பெரியம்மா அதுவரை வாய் திறக்கவில்லை.

"குழியை மூடிக்கோ, தம்பி. மரத்தைத் தொடாதே" என்றாள்.

"வெச்சு என்னம்மா செய்யறது?"

"உங்கப்பா அதுல நெஞ்சுதானே உங்க ரெண்டு பேரு படிப்பும்!"

பெரியப்பாதான் என்னையும் காலேஜுக்கு அனுப்பினார். நான் டிரைவர் பக்கம் திரும்பி, மண்ணை மட்டும் அள்ளச் சொன்னேன்.

மூன்று நடை போயிற்று. விளிம்புக்கு மேல் குவிக்காமல், மேலே படுதா கட்டி. படமரம் இப்போது தம்பியின் வாடகை வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கிறது. டியூப் லைட்டுகளைப் பழைய அட்டையில் சுற்றி, 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி வைத்து விட்டு நான் பஸ் ஏறினேன்.