களத்து மணல்

“களம்னா சாமை அடிக்கிற எடம்தானே சார்?”

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் வரும் சிற்றூர் ஒன்றில் ஈராசிரியர் பள்ளி. முதல் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில். ஆசிரியர் பயிற்றுநராக நான் போயிருந்த நாள் அது. மூலையில் பாய் விரித்து, கயிறு கட்டிக் கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டு, சுவரில் ‘படித்தல் களம்’ என்று அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். பாயை ஒருமுறை பார்த்தாள். “சாணி மெழுகலையே!”

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோம்; வகுப்பறை மூலைகளைக் களங்கள் என்றோம். நூறு முறையாவது அந்தச் சொல்லைப் பயிற்சிகளில் சொல்லியிருப்பேன். அதற்குள் சாமைக் கதிர் கிடப்பதை எனக்குக் காட்டியது அந்தப் பெண்தான். களத்தில் சும்மா நிற்கிறவர் யாரும் கிடையாது. பெரியவர்கள் கதிரடித்தால் கிழவி தூற்றுவாள், கோழி விரட்டுவது பொடிசுகளின் வேலை. ஓரத்தில் சிதறிய மணியைக் கூட்டி அள்ளவும் ஒரு கை வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் வயதுக்கு ஒரு வேலை உண்டு. வகுப்பறை மூலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அந்த மூலையில் நான் மிகுந்த அக்கறையோடு வைத்தது மணல் தட்டு. கச்சிராயப்பாளையத்துப் பக்கம் கோமுகி ஆற்றோரம் அள்ளி வந்த மணல். இரண்டு முறை சலிக்க வேண்டும். பருமணலாக இருந்தால் பிஞ்சு விரல் நோகும். மாவாக இருந்தால் கோடு நிற்காமல் சரியும். இலேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். தட்டின் அடியில் நீலத்தாள் ஒட்டிவிட்டால் விரல் போன வழியெல்லாம் நீலமாக எழுத்து தெரியும். மணல் அரை விரற்கடை உயரத்துக்கு மேல் போகக்கூடாது.

முதலில் ட. மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் ப. இரண்டும் வந்துவிட்டால் ‘படம்’ என்பதற்கு ஒரு ம் தான் பாக்கி. அரிச்சுவடி அ-வில் தொடங்குகிறது. ஆனால் அ-வின் சுழியும் வளைவும் ஐந்து வயது விரலுக்குப் பெரிய மலையேற்றம். நேர்கோட்டில் தொடங்கிய பிள்ளை முதல் நாளே ஓர் எழுத்தோடு வீட்டுக்குப் போகும்.

மணல் என்றாலே எனக்கு ஆண்ட்ரூ பெல் நினைவுக்கு வந்துவிடுவார். ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1787-ல் சென்னைக்கு வந்தவர். எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு ‘மலபார்’ பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. அந்நாளைய ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் மலபார் என்றே எழுதினார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்த் திண்ணைகளில் எத்தனையோ தலைமுறையாக நடந்த காரியம்தான். பெல்லுக்கு அது கண்திறப்பு. திரும்பிப் போய்த் தன் பள்ளியிலும் அப்படிச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை, ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனை, அகரவரிசை வகுப்புக்கு ஆசிரியராக உட்காரவைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான்.

1797-ல் லண்டனில் பெல், பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் இந்த முறையைப் புத்தகமாகப் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி இன்றும் நடக்கிறது. பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கல்லறை. எனக்கோ அந்த எட்டு வயதுப் பையனைத்தான் பார்க்க வேண்டும்போல் இருக்கும். மணலில் குனிந்து, பக்கத்துப் பையனின் விரலைப் பிடித்து, எந்தத் தொனியில் சொல்லிக்கொடுத்திருப்பான்?

அதட்டியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். எழுத்தை நேற்றுக் கற்ற பிள்ளைக்கு அது எங்கே கடினம் என்று மறந்திருக்காது. ஐம்பது வருடம் எழுதிய எனக்கு அது மறந்துபோயிற்று.

பெல் பார்த்த ‘மலபார்’ பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள். கல்வராயனின் ‘மலையாளி’ மக்களும் தமிழ் பேசுகிறவர்களே. மலையை ஆள்கிறவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்த கதை அவர்களிடம் உண்டு. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. இங்கே பள்ளிக்கூடம் வந்து எத்தனை தலைமுறை ஆகிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதராஸ் முறை இங்கிலாந்துக்குப் போனதும், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியரிடம் விட்டுச் செலவைக் குறைக்கும் வழியாகவும் ஆகிப்போனது. களங்களுக்கு அந்தக் கதி வரக்கூடாது. ஆசிரியரைக் குறைக்காத வழியும் உண்டு. ஆந்திரத்து ரிஷிவேலியில், எல்லா வகுப்பும் ஓரறையில் இருந்த சிறு கிராமப் பள்ளிகளுக்காக அட்டையும் ஏணிப்படியுமாக ஒரு முறையை உருவாக்கினார்கள். 2003-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அதைத் தொடங்கிவைத்தார். 2007-08-ல் செயல்வழிக் கற்றலாக மாநிலம் முழுக்கப் போனது. ஆசிரியர் மேசையை விட்டு இறங்கிப் பாயில் வந்து உட்கார்ந்ததுதான் அதில் எனக்குப் பெரிய மாற்றம். பாயில் உட்கார ஆசிரியர் வேண்டுமே! மலையில் ஐந்து வகுப்புக்கு இருவர், அதிலும் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் தனி. மணல் தட்டைக் காட்டி அந்தக் குறையை மறைக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

அன்று மத்தியானம் அந்தச் சிறுமி, ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்திருந்தாள். அவன் ட-வை இடவலம் மாற்றிப் போட்டான். அவள் தப்பு என்று சொல்லவில்லை. அவன் பின்னால் போய் உட்கார்ந்து, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவன் விரலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். “இப்ப சோத்துக் கைப் பக்கம் போ.” நீலமாக ஒரு ட விழுந்தது. பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கி, முறத்தில் சாமை புடைக்கிற மாதிரி மெல்ல ஒரு குலுக்கு. மணல் சமமாயிற்று.

“இன்னொண்ணு போடு.”