ஆச்சி வீட்டு பொமரேனியன்

உங்கள் தெருவிலும் ஒரு 'பாமேரியன்' இருக்கும். வெள்ளை வெளேரென்று, புஸுபுஸுவென்று, கேட் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு, தபால்காரரிலிருந்து தண்ணீர் கேன் போடும் பையன் வரை பாரபட்சமில்லாமல் குரைக்கும். பெயர் பெரும்பாலும் ஜிம்மி அல்லது பப்பி.

ஒரு விஷயம் சொல்லட்டுமா? அதில் முக்கால்வாசி பொமரேனியனே இல்லை. அசல் பொமரேனியன் மூன்று கிலோ சொச்சம்தான், கைப்பையில் அடங்கிவிடும். நம்மூரில் வளர்வது 'இந்தியன் ஸ்பிட்ஸ்'. வெள்ளைக்காரர்கள் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸின் வாரிசு. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் டஃபி என்று ஒரு சுட்டி நாய் வருமே, அதேதான். தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து, தயிர்சாதம் தின்று வளர்ந்தாலும், குளிர்நாட்டுத் தாத்தா பாட்டி கொடுத்த கம்பளியை மட்டும் அது கழற்றவில்லை.

அந்தக் கம்பளியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன மே மாதம் ஆதிச்சநல்லூர் போயிருந்தேன். முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே வைத்து, கண்ணாடிக்கு மேலே நின்று பார்க்கிற மாதிரி 2023-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அவசியம் பாருங்கள், ஆனால் மே மாதம் வேண்டாம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருக்குள் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். திண்ணையில் ஒரு நாய். முகத்திலும் வாலிலும் மட்டும் முடி, நடுவே மொட்டை. பார்க்கச் சிரிப்பு வரவில்லை.

"யாரு ஆச்சி இப்படி வெட்டினது?"

"பேரன்தான்யா. மெட்ராஸ்ல ஃப்ளாட்ல வச்சு வளத்தான். வெளிநாட்டுல வேலை கெடைச்சதும் இங்க கொண்டாந்து வுட்டுட்டான். வெயிலுக்குப் புழுங்கும்லா, அதான் வழிச்சிட்டுப் போனான். அவன் போனதுலருந்து ஒண்ணும் திங்க மாட்டேங்கு. வாசலையே பாத்துக்கிட்டு கெடக்கு."

பேரன் பாசத்தில்தான் செய்தான். ஊர் முழுக்க இதைத்தான் செய்கிறோம். ஆனால் நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம், அவ்வளவே. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். இந்த ஜாதிக்கு இரண்டடுக்கு முடி. அடியில் பஞ்சு, மேலே நீண்ட முரட்டு முடி. மேலடுக்கு, வெயில் நேராகத் தோலில் விழாமல் தடுக்கும் கூரை. கூரையைப் பிரித்துவிட்டு 'காற்றோட்டமா இருக்கும்' என்றால் எப்படி? வெட்டிய பிறகு பஞ்சு சீக்கிரம் முளைக்கும். மேல்முடி சில நாய்களுக்குப் பழையபடி வருவதே இல்லை.

செய்ய வேண்டியது சுலபம். வாரம் மூன்று நாள் சீப்பால் வேர் வரை வாரி, உதிர்ந்த பஞ்சை எடுத்துவிட்டால் போதும். குளிப்பாட்டினால் அடிமுடி வரை காயவைக்க வேண்டும், இல்லையென்றால் படை வரும். மதியம் தரை சுடும்போது வெளியே விடாதீர்கள். மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் வழிந்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கி, வயிற்றிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, ஃபேனைப் போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். நாயின் உடல்சூடு 101, 102 டிகிரி இருப்பது இயல்பு, 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

(வறட்டு இருமல் இருமினால் எலும்பு சிக்கிவிட்டது என்று விரலை விடாதீர்கள். சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்தாலும் அப்படித்தான் இருமும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டும் பட்டை நல்லது.)

ஆச்சி வீட்டு நாய்க்கு வருவோம். இந்த ஜாதி ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும், அவர் பிரிந்தால் ஏங்கும். நிஜம்தான். ஆனால் சாப்பிடாத நாயை எல்லாம் 'ஏக்கம்' என்று விட்டுவிடக்கூடாது. காதை மடித்துப் பார்த்தேன். உண்ணி, கொத்துக்கொத்தாக. ஈறு வெளிறிக் கிடந்தது.

"ஆச்சி, இது உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாக்கணும். திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க கொண்டு போங்க."

"நாய்க்குக் காய்ச்சலா? பஸ்ஸுல ஏத்துவானாய்யா?"

ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார். ஒன்றரை மாதம் கழித்துப் போனில் சொன்னார். உண்ணிக் காய்ச்சலேதான். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. நாலு வாரம் மாத்திரை. பேரனுக்கு இன்னும் ரெண்டு வருஷ ஒப்பந்தம் இருக்கிறதாம். நாய்க்கு இப்போது ஐந்து வயது, இந்த ஜாதி 12, 14 வருஷம் வாழும். ஆச்சிக்கு எழுபத்திரண்டு. இந்தக் கணக்கை ஆச்சியும் போட்டுப் பார்த்திருப்பார் போல, அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

"முடி முளைச்சுதா ஆச்சி?"

"பஞ்சு மாதிரி வருது. பழைய மினுக்கம் இல்லய்யா. ஆனா தண்ணி கேட்டு யாரு வாசலுக்கு வந்தாலும் இப்ப குலைக்கு."